குழாய்ச் சந்தில் அடித்தது யார்?

1

இது கதையாகப் பிறக்கவில்லை, புகாராகப் பிறந்தது. கரப்பான் ஒழிக்க வந்த மருந்துக்காரன் ஏமாற்றுக்காரன் என்று நான்தான் எழுதினேன். பதினான்கு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கி அவனை நிறுத்திவிடுவதாகப் பேச்சு. இன்று வெள்ளி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தாலும் இன்னொரு தாள் எழுதித்தான் ஆகவேண்டும்.

2

முதல் தொடக்கம்: மருந்துக்காரன் திருட்டு முழியோடு வந்தான்.

(கோடு போட்டு அடித்துவிட்டேன். அவன் முழி சாதாரண முழிதான். திருட்டை நான் சேர்த்தேன்.)

இரண்டாவது தொடக்கம்: நான் நல்ல எண்ணத்தில்தான்

(இதற்கு மேல் பேனா நகரவில்லை.)

சரி, நடந்ததையே எழுதுகிறேன். புகை போடுவான், வீடே இருமும் என்று காத்திருந்தேன். வந்தவன் ஊசி மாதிரி ஒரு குழாயை எடுத்தான். எல்லா அடுப்படியையும் தொட்டுக்கொண்டு மேலே ஏறும் குழாய்ச் சந்துக்குள் மிளகளவு பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்தான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்கய்யா. தின்னுட்டுப் போயி பொந்துல சாகும். மேல வேற எதையும் அடிச்சிராதீங்க. வாசன பட்டா கிட்டயே வராது."

நாற்பது வருடம் லாரி ஓட்டியவன் நான். சரிபார்க்காமல் எந்தச் சரக்குக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.* 'அடிக்காதே' என்று ஒருத்தன் சொன்னால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. கடைக்குப் போய் ஸ்ப்ரே டப்பா வாங்கினேன். தினமும் காலையில் மாடி மாடியாகப் போய், சந்துக் கதவைத் திறந்து, ஒவ்வொரு பொட்டின் மேலும் அடித்தேன். ஒன்றுக்கு இரண்டு மருந்தாக இருக்கட்டுமே. பொதுச்சேவை.

* கல்யாணத்தன்று மட்டும் போட்டேன்.
(படித்தேன். நானும்தான். — வீட்டுக்காரி)

3

மூன்று வாரம் ஆயிற்று. கரப்பான்கள் சாகவில்லை, சொந்தக்காரர்களையும் கூட்டிவந்தன. அப்போதுதான் அந்தப் புகார்.

நேற்று மருந்துக்காரர் வந்தார். (இங்கிருந்து மரியாதை கொடுக்கிறேன். காரணம் இருக்கிறது.) சந்துக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"கரப்பான் ஒரு பொட்டக்கூடத் தொடலீங்க. யாரோ மேல ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க."

"எவன் அந்த மடையன்?" என்று கத்தினேன்.

(இந்த வசனத்தை வேறு யார் வாயிலாவது வைக்கலாம் என்று அரை மணி நேரம் பார்த்தேன். யார் வாயிலும் உட்காரவில்லை.)

"எனக்குத் தெரிஞ்ச மடையன்தான்" என்று பின்னால் என் வீட்டுக்காரி முணுமுணுத்தாள். நல்லவேளை, அவருக்குக் கேட்கவில்லை.

"இந்தக் கட்டடம் கைய விட்டுப் போச்சுன்னா, பக்கத்துக் கட்டடத்துலயும் கூப்பிட மாட்டாங்கய்யா. நீங்க பெரியவங்க. ஞாயித்துக்கெழம எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்க."

யாரிடம் கேட்கிறார்! புகாரில் முதல் கையெழுத்தே என்னுடையது. அந்தக் கிறுக்கல் எனக்கே புரியாது. அவருக்கு எப்படிப் புரியும்?

4

முடிவு ஒன்று: அடித்தது மூன்றாம் மாடி வாத்தியார். (எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் கரப்பானைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறி நிற்கிற மனிதர். யாரும் நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: கரப்பான்கள் தாமாகவே வெட்கப்பட்டு வீட்டைக் காலி செய்து

முடிவு மூன்று: கூட்டத்தில் பெரியவர் எழுந்து, அடித்தது நான்தான் என்று கம்பீரமாகச் சொல்ல, எல்லோரும் கைதட்டி

"கைதட்டுவாங்களா? வெளக்கமாத்தாலதான் தட்டுவாங்க." வீட்டுக்காரி என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னதான்டி பண்ணச் சொல்ற?"

"அதான் எழுதிட்டீங்கல்ல. புகார ஒட்டுன எடத்துலயே இதையும் ஒட்டுங்க."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அந்த மனுசன் பொழப்பு நிக்கும்ல?"

5

ஒட்டிவிட்டேன், புகாருக்கு மேலேயே. படிக்கட்டடியில் நின்று நீங்கள் படித்துக்கொண்டிருப்பது இதைத்தான். கையில் பை இருந்தால் கீழே வையுங்கள். வைப்பதற்குமுன் தரையைப் பாருங்கள்.

என்னைத் திட்டுங்கள், குறையில்லை. ஆனால் பதினான்கு கையெழுத்தில் பதின்மூன்று என் பேச்சை நம்பிப் போட்டவை. ஒருத்தராவது சந்துக் கதவைத் திறந்து மோந்து பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை யார் கை தூக்கினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் கை.

ஸ்ப்ரே டப்பாவைப் பலகைக்குக் கீழே வைத்திருக்கிறேன். பாதி மருந்து மிச்சம் இருக்கிறது. யாராவது எடுத்துப்போய்ப் பூட்டிவையுங்கள். என் வீட்டில் வைக்க எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.