பிசிறு உள்ள பெல்ட்

நாகஜோதிக்குப் பிசிறைக் கண்டால் ஆகாது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான்கு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள். தைத்து வரும் பீஸைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். நூல் தொங்கினால் கையிலிருக்கும் சின்னக் கட்டரால் வெட்டித் தள்ளுவாள். வேலை முடிந்து போனாலும் அந்தக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவளின் ரவிக்கையில் நூல் தொங்கினால் அதையும் நறுக்கிவிடுவாள். அவள் திரும்பி முறைத்தால், "நூலு, அக்கா" என்று எடுத்துக் காட்டிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவள் கராத்தே பள்ளி தேடிப் போனால் எதைப் பார்ப்பாள்? அங்கேதான் வந்தது வினை.

தேடிப் போக ஒரு காரணம் இருந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஆனி மாதம். சாயங்காலம் ஆறு மணி, வெயில்கூட முழுசாய் இறங்கவில்லை. கம்பெனிவிட்டு லைன் வீட்டுக்குப் போகிற வழியில், தண்ணீர் டேங்க் பக்கம் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்ற ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முன்பின் தெரியாத ஆள். ஏதோ தன் சைக்கிள் கம்பியைப் பிடிக்கிறவன்போலச் சாதாரணமாகப் பிடித்தான். நாகஜோதி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தூரத்தில் ஒரு வேன் திரும்புகிற ஓசை கேட்டதும் அவனாகக் கையை விட்டுவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அவன் பிடித்ததைவிடத் தன் தொண்டை செய்த துரோகத்தில்தான் அவள் ஆடிப்போனாள். கோவில்பட்டிப் பக்கத்தில் ஆடு மேய்த்த காலத்தில், ஓடைக்கு அக்கரையில் நிற்கிற கிடாயைக் குரலாலேயே திருப்பியவள் அவள். கம்பெனியில் ஐம்பது மிஷின் ஓடுகிறபோதும் அவள் ஒரு அதட்டல் போட்டால் கடைசி டேபிள் டெய்லர் நிமிர்ந்து பார்ப்பான். அப்படிப்பட்ட குரல், வேண்டிய நேரத்தில் எங்கே போய் ஒளிந்தது? அந்த ரோட்டைவிட்டால் கம்பெனிக்கு வேறு ரோடு கிடையாது. அண்ணன் இசக்கிமுத்துவிடம் சொன்னால் மறுநாளே ஊருக்கு மூட்டை கட்டச் சொல்லிவிடுவான். அடுத்த முகூர்த்தத்தில் யாருக்காவது கட்டியும் வைத்துவிடுவான். அவளோ திருப்பூரைவிட்டுப் போவதாக இல்லை.

பக்கத்து மேசைத் தரணியிடம் மட்டும் சொன்னாள். தரணி மங்கலத்துக்காரி. ஆயத்தமாய் யோசனை வைத்திருப்பவள்.

"கராத்தே கத்துக்க புள்ள. நம்மூர்ல ரெண்டு எடம் இருக்குது. ரெண்டையும் பாத்துப்போட்டு எது நல்லாருக்கோ அதுல சேரு. செக்கிங்காரிக்குச் சொல்லியா தரோணும்?"

முதலில் போனது ஒரு பழைய ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருந்த நெல் காயப்போடும் களத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை. பத்துப் பன்னிரண்டு பேர் வெறுங்காலோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தது ஒரு பெண். பெயர் மருதாள். உசிலம்பட்டிப் பக்கம். வாரத்தில் ஆறு நாள் இன்னொரு பனியன் கம்பெனியில் டெய்லர். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். குள்ளம். போட்டிருந்த வெள்ளை உடுப்பில் தோளிலே ஒரு ஒட்டு, முழங்காலிலே ஒரு ஒட்டு. இடுப்பில் கட்டியிருந்த கறுப்பு பெல்ட்டைப் பார்த்ததும் நாகஜோதிக்குக் கண்ணே கூசிவிட்டது. ஓரமெல்லாம் கறுப்பு போய் உள்ளேயிருந்து வெள்ளை தெரிந்தது. இரண்டு நுனியிலும் விரல் நீளத்துக்குப் பிசிறு. ஒரு டெய்லர், தன் பெல்ட்டுப் பிசிறைக்கூட வெட்டிக்கொள்ளத் துப்பில்லாதவள், ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாளாம்! நாகஜோதி மனசுக்குள்ளேயே அந்த பெல்ட்டில் ஏழு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

"எதுக்குத்தா படிக்கணும்ங்கிற?" என்று மருதாள் கேட்டுக்கொண்டிருந்தாள். நாகஜோதியின் காது அங்கே இல்லை. கை தன்பாட்டுக்குப் பையிலிருந்து கட்டரை எடுத்து, மருதாளின் பெல்ட்டு நுனிக்குப் போனது.

அடுத்த நொடி அவள் மணிக்கட்டு மருதாளின் பிடியில் இருந்தது. எப்போது பிடித்தாள் என்றே தெரியவில்லை. நாகஜோதிக்கு டேங்க் பக்கத்து ஆள் பிடித்ததுதான் ஞாபகம் வந்தது. அதே இடம், அதே இறுக்கம். வாயைத் திறந்தாள். அன்றைக்குப் போலவே காற்றுதான் வந்தது.

"அதத் தொடாத" என்று சொல்லி மருதாள் கையை விட்டாள். அவ்வளவுதான். நாகஜோதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியே வந்துவிட்டாள். கையைப் பிடித்தவனுக்குப் பயந்து கராத்தே படிக்கப் போனால், அங்கேயும் கையைப் பிடிக்கிறாளே பாவி என்று தரணியிடம் சொல்லி அழுதாள்.

இரண்டாவது இடம் மெயின் ரோட்டில், ஒரு வணிக வளாகத்தின் மாடி. சுவர் முழுக்கக் கண்ணாடி. தரையில் நீல ரப்பர் விரிப்பு. மாஸ்டர் நித்தீஷ், காங்கேயத்துக்காரர். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களாங்க?" என்று ஆரம்பித்தார். அவர் உடுப்பை நாகஜோதி தலை முதல் கால் வரை செக் பண்ணினாள். நல்ல கனத் துணி. கஞ்சி போட்டுத் தேய்த்தது. பெல்ட்டில் எட்டு வரிசைத் தையல், ஒரு தையல் கோணவில்லை. எங்கே தேடியும் ஒரு பிசிறு இல்லை. பாஸ் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மூன்று ஞாயிறு போனாள். ஒரு குத்து, ஒரு உதை, மீதி நேரம் பாட்டுப் போட்டுக் குதிப்பது. குத்துகிறபோது கத்த வேண்டாமா என்று ஒருநாள் கேட்டதற்கு, "பக்கத்துல டாக்டர் கிளினிக் இருக்குதுங்க, சத்தம் ஆகாதுங்க" என்றார் மாஸ்டர். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பரீட்சை என்றும், வெளியூரிலிருந்து வந்து பார்க்கிறவர்கள்தான் யாருக்கு எந்த நிற பெல்ட் என்று முடிவு செய்வார்கள் என்றும் சொன்னார். நாகஜோதி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே நின்று உதைத்துப் பழகினாள். கயிறு மாதிரி ஒரு மஞ்சள் பெல்ட் கிடைத்தாலே போதும், டேங்க் பக்கம் நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஆசை யாரைவிட்டது.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, புதன்கிழமை, அவள் மேசைக்கு ஒரு மூட்டை வந்தது. பனியன் இல்லை. ஆர்டர் குறைவான மாதம் என்பதால் கம்பெனி முதலாளி ஆத்தப்பன் தெரிந்தவர்களுக்காகச் சில்லறை வேலைகள் எடுத்திருந்தார். மூட்டையை அவிழ்த்தாள். எல்லாம் கறுப்பு பெல்ட். ஒவ்வொன்றிலும் மஞ்சள் நூலில் எம்பிராய்டரி செய்த ஒரு பெயர். முதல் பெல்ட்டில் முனீஸ். மாஸ்டர் வகுப்புக்கு ஒரே ஒரு நாள் வந்துவிட்டு, தொடை பிடித்துக்கொண்டதென்று நின்றுபோன பையன். இரண்டாவதில் ஒரு ஆறு வயதுக் குழந்தையின் பெயர். வகுப்பு முழுக்க அம்மாவைக் கேட்டு அழுகிற குழந்தை அது. நாகஜோதி ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள். ஒன்பதாவது பெல்ட்டைத் திருப்பினாள்.

நாகஜோதி.

இன்னும் நேராக நிற்கவே தெரியாது. பரீட்சை நடக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் வரவில்லை. அதற்குள் அவள் கறுப்பு பெல்ட்! தன் பெயரைத் தானே செக் பண்ணி அனுப்ப வேண்டிய கொடுமை வேறு. தையலைப் பார்த்தாள். எட்டு வரிசை, அச்சுப் போல இருந்தது. ஒரு ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை. நுனியில் மட்டும் மடிப்பு மூடாமல் கொஞ்சம் திறந்திருந்தது. அதற்குள்ளே வெள்ளை தெரிந்தது.

கறுப்புத் துணிக்குள்ளே வெள்ளைக் காடாத் துணியை வைத்துத் தைக்கிறார்கள். அப்போதுதான் அவளுக்கு இரண்டாவது அடி விழுந்தது. இவ்வளவு கனத் துணி மேல்பக்கம் தேய்ந்து உள்ளே இருக்கிற காடா வெளியே தெரிய வேண்டுமென்றால் எத்தனை முறை முடிச்சுப் போட்டிருக்க வேண்டும்? துணியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வருடம். பதினைந்துகூட இருக்கும். அந்தப் பிசிறைத்தான் அவள் கட்டரால் வெட்டப் போனாள். "சண்டாளி, என்ன காரியம் பண்ணப் பாத்தேன்" என்று வாய்விட்டே சொன்னாள்.

தன் பெயர் இருந்த பெல்ட்டை எடுத்து, பெயருக்கு நேராக ஒரு அம்புக்குறி ஒட்டினாள். சூப்பர்வைசர் மொக்கைச்சாமி வந்து பார்த்தார்.

"இதுல என்னம்மா டிபெக்ட்டு?"

"பேருண்ணே."

அவர் பட்டியலை எடுத்து ஒத்துப் பார்த்தார். "பேரு சரியாத்தான இருக்கு."

"பேரு சரிதாண்ணே. ஆளுதான் தப்பு."

அவருக்கு விளங்கவில்லை. ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பெல்ட்டைக் கட்டோடு சேர்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்தில் விழா. போகக் கூடாதென்றுதான் நினைத்தாள். ஒருவேளை நிஜமாகவே பரீட்சை வைத்துத் தன்னைத் தோற்கடித்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. தரணியையும் கூட்டிக்கொண்டு போனாள். பரீட்சை என்பது எல்லோரும் ஒன்றாய் நின்று பத்து உதை உதைத்ததோடு முடிந்தது. வெளியூர்க்காரர் யாரும் இல்லை. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த தலைமை விருந்தினரை இரண்டு தடவை உற்றுப் பார்த்தாள். அவளுடைய முதலாளி ஆத்தப்பன்!

பெயர் கூப்பிட்டார்கள். மேடை ஏறினாள். ஆத்தப்பன் கறுப்பு பெல்ட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சிரித்தார். "அட, நம்ம செக்கிங் புள்ள!"

"எனக்கு வேண்டாங்க" என்றாள் நாகஜோதி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கட்டுனா பொய்யிங்க."

நித்தீஷ் மாஸ்டர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் பக்கம் வந்தார். "வெக்கப்படாத கண்ணு, பெரியவங்க நின்னுட்டே இருக்கறாங்கல்ல" என்று சொல்லி, போட்டோவுக்கு இழுக்க அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய விடுல!"

யார் கத்தியது என்று நாகஜோதியே திரும்பிப் பார்க்கப் போனாள். திட்டுகிறபோதும் ஒரு 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் அது. அங்கே ஆடு மேய்த்த காலத்துக் கோவில்பட்டிக் குரல் வந்து விழுந்தது. மாஸ்டர் சூடுபட்டவர்போலக் கையை உதறினார். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை வீறிட்டது. ஆத்தப்பன் பெல்ட்டை ஏந்தியபடியே சிலையாய் நின்றார். நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, அதை யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே வெளியே நடந்தாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஏம்புள்ள, அது உன்ற சத்தமா?" என்று தரணி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரைஸ்மில் களத்தில் வகுப்பு முடிகிற நேரம். மருதாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னத்தா, மறுபடியும் கத்திரியத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"இல்லக்கா" என்று ஆரம்பித்து, டேங்க் பக்கம் நடந்தது, பெல்ட்டில் தன் பெயர் வந்தது, மண்டபத்தில் கத்தியது எல்லாவற்றையும் நாகஜோதி ஒரே மூச்சில் கொட்டினாள். "சத்தம் வந்திருச்சுக்கா!"

"எங்க, இப்பக் கத்து."

நாகஜோதி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவளுக்கு முகம் செத்துவிட்டது. இப்போதுதானே வந்தது! அரைமணிகூட ஆகவில்லையே!

மருதாள் சிரிக்கவில்லை. "அங்க கோவத்துல வந்துச்சு. கோவம் வராம பயம் மட்டும் வர்ற அன்னைக்கும் வரணும்ல? செருப்பக் கழட்டிப்போட்டு வா. பெல்ட்டெல்லாம் கிடையாது. துப்பட்டாவ இடுப்புல கட்டு. நான் கையப் பிடிப்பேன். வேண்டாம்னா இப்பவே சொல்லு."

நாகஜோதி செருப்பைக் கழற்றினாள். கட்டரைப் பையிலிருந்து எடுத்துத் தரணியிடம் கொடுத்தாள். மருதாளின் இடுப்பில் அந்தப் பிசிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் கை அதைத் தேடிப் போகவில்லை. டேங்க் பக்கம் பிடிபட்ட அதே வலது மணிக்கட்டை அவளாகவே முன்னால் நீட்டினாள்.

"பிடிங்கக்கா" என்றாள்.