கிளட்ச் இருந்த இடம்

பக்கவாதம் என் இடது காலை எடுத்துக்கொண்டபோது நாக்கையும் கொஞ்சம் முடக்கிவிட்டுப் போனது. நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் வீட்டில் யாராவது அதை முடித்துவைப்பார்கள். பெரும்பாலும் தப்பாக. நான் மறுத்து வாயெடுப்பதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். அன்பான ஜனங்கள்தான், என்ன செய்வது.

ஓசூர் சிப்காட்டில் கம்பெனி கம்பெனியாகப் போய் இரும்புக் கழிவு எடுத்து விற்றவன் நான். முப்பது வருஷம் கார்தான் என் கடை. அதை ஓட்டிய கால் இப்போது கட்டிலில் எனக்கென்ன என்று கிடந்தது. பிசியோதெரபி பெண் பிரியதர்ஷினி பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி, "அழுத்துங்க அங்கிள்" என்பாள். ஒரு அசைவும் இருக்காது.

ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும், ஊன்றுகோலைப் பிடித்துப் போய், வாசலில் நின்ற காரில் சும்மா ஏறி உட்கார்ந்தேன். பழக்க தோஷம், இடது காலைக் கையால் தூக்கி கிளட்ச் மேல் வைத்தேன். கிளட்ச் ஒரு விரல் அளவு இறங்கியது.

ரப்பர் பட்டைக்கு மசியாத கால், கிளட்சை மட்டும் மறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் காரில் போய் உட்கார்ந்தேன். மெல்ல மெல்லப் பாதிவரை இறங்கியது. அடிவரை மிதித்துவிட்டால் என் கால் எனக்குத் திரும்பிவிடும் என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி வஜிஹாவை ஏற்றிக்கொண்டு காவேரிப்பட்டினத்தில் அவள் அக்கா வீட்டு வாசலில் போய் நிறுத்திவிட்டுத்தான் சொல்வதென்று ஒரு வீம்பு.

சமையலறை ஜன்னலிலிருந்து வஜிஹா பார்த்ததோ வேறு. ஓட்ட முடியாத காரில் ஒரு மனுஷன் தினமும் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறான். எங்கள் மகன் அஜாஸிடம் சொல்லி அழுதிருக்கிறாள். சர்வீஸுக்கு விடணும் என்று அஜாஸ் வந்து கேட்டான். சாவியை நானேதான் கொடுத்தேன்.

வாரக்கணக்கில் கார் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாகலூர் ரோட்டில் மெக்கானிக் முனிவேலின் ஷெட்டுக்கு எங்கள் இருவரையும் அஜாஸ் ஆட்டோவில் கூட்டிப்போனான். கார் கழுவித் துடைத்து நின்றது. நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம்.

"பாய் ஊட்டு வண்டின்னாலும் பழம் வெக்காம நான் அனுப்பமாட்டங்க" என்றான் முனிவேல்.

அஜாஸ் கதவைத் திறந்து என்னை உட்காரவைத்தான். "பெங்களூர்ல அடிபட்ட ஆட்டோமேட்டிக் வண்டி ஒண்ணு கெடச்சுது, அத்தா. இதே மாடல். கியர்பாக்ஸ், ஒயரிங், பெடல் வரைக்கும் அதுலருந்து எடுத்து இதுல மாட்டியாச்சு. இனிமே நீங்க ஒத்தக் கால்லயே ஓட்டலாம்."

நான் குனிந்து பார்த்தேன். இரண்டே பெடல்.

"கி... கிளட்ச்..." என்றேன்.

"கிளட்ச்சே கெடையாதுத்தா" என்று முடித்துவைத்தான் அஜாஸ். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். பல மாதச் சம்பளத்தைக் கொட்டியிருப்பான். வஜிஹா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ்" என்றாள்.

பழையது எங்கே என்று நான் கையால் சைகை காட்டினேன். முனிவேலுக்குப் புரிந்தது. "அடிபட்ட வண்டிய வித்த பெங்களூர் ஆளே பெடலோட மொத்தத்தையும் ஏத்திக்கினு போயிட்டான் பாய். இன்னேரம் எந்த வண்டிக்குப் போச்சோ."

எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினாலும் யாராவது அதை ஆனந்தம் என்று முடித்துவைப்பார்கள்.

"எடுங்கத்தா" என்றான் அஜாஸ். வலது காலால் பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உறுமியது. அந்தச் சத்தம் கேட்டதும், யாரும் தொடாமல், என் இடது கால் தானாக எழுந்தது. பழைய இடத்துக்குப் போய், அடிவரை மிதித்தது. வெறும் தரைவிரிப்பை.

அஜாஸ் அதைப் பார்த்துவிட்டான். குனிந்து, என் பாதத்தை இரண்டு கையாலும் பத்திரமாகத் தூக்கி ஓரமாக வைத்தான்.

"இந்தக் காலுக்கு இனிமே வேலையே இல்லத்தா" என்றான்.