கவிழ்த்துப் போட்ட கல்

தெருக்கோடியில் இடிந்து கிடக்கும் சர்ச்சில் மணிக்கோபுரம் மட்டும்தான் மிச்சம். அதைச் செப்பனிட அளவெடுக்க வந்த அதிகாரி, சர்ச்சின் பழைய கற்களைத் தேடி வீடு வீடாக வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் துவைக்கிற கல் அங்கிருந்து வந்தது. அப்பாவின் தாத்தா கொண்டுவந்து, செதுக்கிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டாராம். ஓரத்தில் ஒரு சிறகின் நுனி மட்டும் தெரியும். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அம்மா அதில் துவைத்துத்தான் எங்கள் வீடு நடக்கிறது.

"கல்லைத் தூக்கிட்டுப் போயிட்டா எதுல துவைக்கிறது? உங்கப்பா தலையிலயா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அது வழுக்கை. துணி நிக்காது" என்றார் அப்பா.

அதிகாரி உள்ளே வந்தபோது அம்மா கல்லின் மேல் உட்கார்ந்து, ஈர விரிப்பை மடியிலிருந்து தரைவரை தொங்கவிட்டிருந்தாள்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களாக்கா?"

"முட்டிவலி சார். உக்காந்தா எந்திரிக்க முடியாது."

அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "பக்கத்து வீட்டக்காவுக்கும் முட்டிவலி. எதிர் வீட்டண்ணன் வாசப்படியில பாய் விரிச்சுப் படுத்துட்டார். இந்தத் தெருவுல யாருமே எந்திரிக்க மாட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முறைத்தாள்.

"யாரும் திருடலக்கா. உங்க தாத்தா காலத்துப் பெருவெள்ளத்துல சர்ச்சும் போச்சு, வீடுகளும் போச்சு. கோபுரத்துல ஏறினவங்கதான் பொழைச்சாங்க. விழுந்த கல்லை எடுத்து வீடு கட்டிக்கோங்க, கோபுரத்துல மட்டும் கை வைக்காதீங்க, அடுத்த வெள்ளத்துக்கு ஏற இடம் வேணும்னு பாதிரியாரே சொல்லியிருக்கார். அதைக் கோபுரத்து மேல்படியில எழுத்தா வெட்டி வச்சிருக்கு. புறா எச்சத்தைச் சுரண்டினப்புறம்தான் தெரிஞ்சுது."

"அப்ப கல்லு?"

"உங்களுதுதான். படம் மட்டும் எடுத்துக்கறேன்."

அம்மா மூச்சை விட்டாள். முட்டிவலி இல்லாமல் எழுந்தாள். அப்பாவும் அதிகாரியும் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். மண் அப்பிய கன்னமும் உடைந்த மூக்கும் விரிந்த சிறகுமாக ஒரு தேவதை. அம்மா முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள்.

"பாவம், இத்தனை வருஷமா இது முதுகுலயா அடிச்சேன்" என்றாள்.

அதிகாரி படம் எடுத்து முடித்தார். அவள் இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, கவுத்துப் போடுங்க. துணி ஊறிக்கிட்டிருக்கு."