எலிக்குக் கொடுத்த பொடி

என் வீட்டுக்காரருக்கு ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு ஊசி போடும் வேலை. மார்பகப் புற்றுக்கு எனக்கு ஏற்றிய அதே சிவப்பு மருந்தைத்தான் அவற்றுக்கும் போடுவார். அது இதயத்தைக் கெடுக்கும். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று, மருந்தின் வீரியத்தை முறிக்கும் ஒரு மஞ்சள் பொடியைத் தின்ற எலிகளுக்கு மட்டும் இதயம் கெடவில்லையாம். அதை டாக்டருக்குத் தெரியாமல் கொண்டுவந்து, பாலில் கலக்கி, நான் முகம் சுளித்தாலும் விடாமல் குடிக்க வைத்தார்.

இன்று டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "இதயம் நல்லா திடமா இருக்கும்மா. கட்டிதான் மருந்துக்கு அடங்கல, பரவிடுச்சு."

படியிறங்கும்போது இவரிடம் கேட்டேன். "ஏங்க, உங்க எலிங்களுக்குக் கட்டி இருந்துச்சா?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இல்ல. எல்லாம் நோயில்லாத எலிங்க."

இதயம் நின்று பொட்டென்று போய்ச் சேரும் வழியையும் அடைத்துவிட்டார், பாவி மனுஷன்.