நேராப் பாரு

பெரிய கால்பந்து கிளப்பின் பெற்றோர் கூட்டத்தில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வந்திருந்த நாற்பது பெற்றோரில் நோட்டுக் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். மேடையில், கழுத்தில் 'தொழில்நுட்ப இயக்குநர்' என்ற அட்டை தொங்க, ஒருவர் திரையில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டினார். முதல் படத்தில் ஒரு மலை. அடுத்த படத்தில் அதே மலை, உச்சியில் ஒரு குழந்தை. "உங்கள் மகள் இங்கே பந்து விளையாட வரவில்லை. ஒரு பயணத்தைத் தொடங்க வந்திருக்கிறாள்" என்றார். கடைக்காரர் 'பயணம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். எங்கே போகிற பயணம், வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்களா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. இயக்குநர் இளமையில் ஆடிய காலத்துப் படம் ஒன்று பின்சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் அவர் மைதானத்தில் இல்லை, கோட்டுக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் இருந்தார். கடைக்காரர் உற்றுப் பார்த்தார், தொழில் பழக்கம். ஆனாலும் அதை நோட்டில் எழுதவில்லை. மகளை இங்கே சேர்த்துவிட வேண்டும் என்று அவர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருந்த செயற்கைப் புல்லில், முப்பது பெண் குழந்தைகள் தேர்வுக்காக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் மகளின் முதுகில் பதினேழு. வயது பதினொன்று. தெருவில் அவளுக்கு ராக்கெட் என்று பெயர். மூன்று வயதில் கடைக்குள் உருட்டிய பந்தை எட்டு வயதில் தெருப் பையன்களிடமிருந்து பறித்து ஓடியவள். இப்போது இரண்டு வருடமாக 'கிளப்' என்ற ஒரு வார்த்தையைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. நோட்டில், அவர் சேர்க்கப் பார்த்துவைத்திருந்த மூன்று கிளப்புகளுக்கும் தனித்தனிப் பக்கம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை குழந்தை, எத்தனை நிமிடப் பயணம், கழிவறையில் தண்ணீர் வருகிறதா, எல்லாம் கட்டம் போட்டு இருந்தது. தபால் நிலையத்தில் கவுண்டரில் வேலை பார்க்கும் அவர் மனைவி அதை ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப எங்கப்பா இவ்வளவு விசாரிக்கலைங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "விசாரிச்சிருக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து பெரிய கிளப்பிலிருந்து அறிக்கை வந்தது. இரண்டு பக்கம், வண்ண வண்ண வட்டங்களோடு. வேகம் ஐந்துக்கு ஐந்து. இடது கால் நான்கு. மனத்துணிவு இரண்டு. கீழே ஒரு குறிப்பு: 'பந்து நெருங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அச்சம் அல்லது கவனச் சிதறல். காத்திருப்போர் பட்டியல்.' கடைக்காரர் அந்த இரண்டை வெகுநேரம் பார்த்தார். அவருக்கே இரண்டு போட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலமே மொட்டை மாடியில் பயிற்சி ஆரம்பமானது. அவர் பந்தை உருட்டுவார். அவள் வாங்க வேண்டும். பந்து நான்கடி தள்ளி வரும்போது அவள் முகம் மெல்ல வலப்பக்கம் திரும்பும், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி. பந்து என்னவோ காலில் ஒழுங்காகத்தான் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் அறிக்கையில் கால் பற்றிக் குறை இல்லையே, முகம் பற்றித்தானே குறை! "நேராப் பாரு" என்றார். "பார்க்கறேன்பா" என்றாள். "எங்க பார்க்கறே? அந்தத் தொட்டியைப் பார்க்கறே. பந்தைப் பாரு." பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். பதினோராவது தடவை கிட்டே போய், அவள் முகவாயைப் பிடித்து நேராகத் திருப்பி வைத்துவிட்டு வந்து உருட்டினார். பந்து அவள் காலுக்கடியில் நழுவிப் போய்ச் சுவரில் மோதியது. "பார்த்தியா? பயம்" என்றார். பந்தை எடுத்து வரப் போனவள் திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது.

இரண்டாவது கிளப்பில் பெற்றோர்கள்தான் முதலில் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. கோட்டுக்கு வெளியே நின்று கத்த மாட்டேன், நடுவரை வைய மாட்டேன், வீடு போகும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டேன். கையெழுத்துப் போட்ட கையோடு அப்பாக்கள் எல்லோரும் கோட்டுக்கு வெளியே போய் நின்று கத்தினார்கள். அங்கேயும் முகத்தைத் திருப்பும் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவரும் அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்தான்.

மூன்றாவது, பேருக்குத்தான் கிளப். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் பாதி மண்ணும் பாதி புல்லுமாக ஒரு மைதானம்; வலை இல்லாத இரண்டு கோல் கம்பம். பயிற்சியாளர் என்று ஒரு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர் அம்மா. குழந்தைகளுக்கு அக்கா. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு இறங்கி வந்து விசில் ஊதுவாள். நோட்டில் இந்தக் கிளப்பின் பக்கம் அநேகமாகக் காலி. கழிவறைக் கட்டத்தில் 'இல்லை' என்று மட்டும் இருந்தது. ஒப்புக்குத்தான் கூட்டி வந்தார். அரை மணி நேரம் ஆட்டம் பார்த்த அக்கா, மகளைக் கூப்பிட்டு என்னவோ பேசினாள். பிறகு அவரிடம் வந்தாள்.

"பொண்ணு நல்லா ஆடுது சார்."

"கொஞ்சம் பயம் இருக்கு. சரி பண்ணிட்டிருக்கோம்."

"பயமா? அதுக்கா? இப்ப எங்க டீம்ல பெரிய பிள்ளை ஒண்ணை இடிச்சுத் தள்ளிட்டு வருது." அக்கா சிரித்துவிட்டு நிறுத்தினாள். "சார், எங்கிட்ட பேசும்போது அது என் மூஞ்சியைப் பார்க்கலை. என் காதைப் பார்த்துப் பேசுது. பந்தையும் அப்படித்தான் பார்க்குது. கண்ணைக் காட்டினீங்களா?"

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "நான் கண்ணாடிக் கடைதாங்க வச்சிருக்கேன். பத்தொன்பது வருஷமா. நாலு மாசத்துக்கு முன்னாடிகூட டெஸ்ட் பண்ணேன். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சா."

"அப்ப சரிங்க" என்றாள் அக்கா. "நான் பஸ் ஓட்டறவ. கண்ணாடியில பின்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்களைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். யார் எங்க பார்க்கறாங்கன்னு தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். வண்டியில் வரும்போது மனசுக்குள் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தார். தன் தொழிலில் போய் ஒரு டிரைவர் மூக்கை நுழைப்பதா? சிக்னலில் நின்றபோதுதான் 'கடகடன்னு' என்ற வார்த்தை அவருக்கே திரும்பக் கேட்டது. கடைசி வரியை யாரும் கடகடவென்று படிப்பதில்லை. நல்ல கண் இருக்கிறவர்கள்கூட அங்கே வந்ததும் கொஞ்சம் தயங்குவார்கள், கண்ணைச் சுருக்குவார்கள், இது சரியா என்று அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பத்தொன்பது வருடமாகப் பார்த்த விஷயம்.

அவள் வளர்ந்ததே அந்தக் கடையில்தான். தொட்டிலில் கிடந்தபோது எதிரே மாட்டியிருந்தது அந்த எழுத்து அட்டை. நாலு வயதில் பதினோரு வரியையும் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்வாள். வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்க வைத்தவர் அவர். "எங்க குடும்பத்துல யாருக்கும் கண்ணாடியே தேவைப்படாது சார். கடைக்காரன் வீட்டுக் கண்ணு!" இந்த வசனத்தை எத்தனை வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளை உயர நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு கண்ணை மூடி வழக்கமான அட்டையைப் படிக்கச் சொன்னார். படித்தாள். கடைசி வரி வரைக்கும், ஒரு எழுத்துப் பிசகாமல். அவர் அட்டையைக் கழற்றினார். மருந்துக் கம்பெனிக்காரன் எப்போதோ இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன வேறொரு அட்டை, சுருள் பிரிக்காமல் அலமாரியின் மேல் கிடந்தது. தூசி தட்டி அதை மாட்டினார்.

"படி."

அவள் முகம் மெல்ல வலப்பக்கம் திரும்பியது. முதல் வரியின் பெரிய எழுத்தைச் சொன்னாள். இரண்டாவது வரியில் ஒன்று. மூன்றாவது வரிக்கு முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது புதுசா?"

"ஆமா."

"பழசே நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள்.

அவர் பழைய அட்டையைச் சுருட்ட ஆரம்பித்தார். அது சுருள மறுத்தது. "எத்தனை நாளா?" என்று அதனிடம் கேட்பது போலக் கேட்டார். போன வருஷப் பரீட்சையிலிருந்து என்றாள். பார்க்கிற இடத்தில் ஒரு ஓட்டை மாதிரி இருக்குமாம். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியுமாம். "ஏன்டா சொல்லலை?" என்றதற்கு, "நீதான் எல்லார்கிட்டயும் சொல்வியே, நம்ம வீட்ல யாருக்கும் ஒண்ணும் வராதுன்னு" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அவருடைய கடைக்கு ஒரு கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொண்டவளின் குரல்.

விழித்திரை மருத்துவர் பெரிய வார்த்தை எதையும் பேசவில்லை. பேசியிருந்தால் கடைக்காரருக்குக் கோபப்பட ஒரு வசதி கிடைத்திருக்கும். பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, ஓரங்கள் நிற்கும், கண்ணாடியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, இன்னும் சில வருடங்களில் புத்தகமும் மனித முகங்களும் கஷ்டமாகும் என்றார். விளையாட்டு? "முடியற வரைக்கும் ஆடட்டும்" என்றார். அன்றிலிருந்து கடைக்காரரால் மகளைக் 'கண்ணு' என்று கூப்பிட முடியவில்லை. பிறந்ததிலிருந்து வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாதலால், கூப்பிடாமலே இருந்தார்.

அந்த வாரம்தான் பெரிய கிளப்பிலிருந்து போன் வந்தது. ஒரு இடம் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மகள் அறைக்குள் ஓடிப்போய்க் கட்டிலில் குதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து நிதானமாக, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "அவங்ககிட்ட சொல்லாதப்பா. ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் நிஜ மேட்ச் ஆடிக்கறேன். அப்புறம் நானே சொல்லிடறேன்."

"பந்து மூஞ்சியில பட்டா?"

"இது வரைக்கும் பட்டுச்சா?"

அவர் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ஆடட்டும்ங்க" என்றாள். "மறைக்கறது தப்பு" என்றார் அவர். "ஒரு வருஷமா நம்மகிட்டயே மறைச்சுச்சு. நல்லாத்தான் ஆடுச்சு. உங்களுக்கு இப்ப என்ன, தப்பு பண்ணாம இருக்கணுமா, இல்லை பயமா?" என்றாள் அவள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அழுகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மதியம், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கிளப்புக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். இயக்குநர் அவருடைய நேர்மையைப் பாராட்டினார். கிளப்பின் விழுமியங்களில் மூன்றாவது நேர்மைதானாம். எல்லாக் குழந்தைகளையும் அரவணைப்பதே தங்கள் கொள்கை என்றார். மகளின் பாதுகாப்பைக் கருதி இந்த ஆண்டு அரவணைக்க இயலவில்லை என்றார். மனமார்ந்த வருத்தம் என்றார். பயணம் தொடரட்டும் என்று வாழ்த்தினார். போனை வைத்துவிட்டு, கடைக்காரர் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் குறுக்காக அடித்தார். தான் செய்தது சரிதான் என்று நாலு தடவை சொல்லிக்கொண்டார். ஐந்தாவது தடவைக்குள் ஒருவர் ஃப்ரேம் கேட்டு வந்துவிட்டார்.

மகள் கத்தவில்லை, அழவில்லை. "நீயா சொன்னே?" என்று கேட்டாள். "ஆமா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவரிடம் பேச்சில்லை. வேண்டியதையெல்லாம் அம்மா வழியாகக் கேட்டாள். அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, அப்பாவை உப்பு தரச் சொல்லு" என்றாள்.

அக்காவிடம் அவரே போய்ச் சொன்னார். அக்கா விசிலைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, "அனுப்புங்க. பெரிய மேட்ச்சுக்கெல்லாம் நாம போறதில்லை. பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்களோட ஆடுவோம், தோப்போம். ஆனா ஆடுவோம்" என்றாள். மகள் மறுநாளே போனாள், அவரோடு இல்லை, அம்மாவோடு.

மூன்றாவது வாரம் ஞாயிறு, கடையில் பவர் இல்லாத இரண்டு கண்ணாடிகளை எடுத்து, நடுவில் மட்டும் விரலால் வாஸ்லைன் தடவி, ஒரு பழைய ஃப்ரேமில் மாட்டினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். ஆட்டம் ஆரம்பித்திருந்தது. தூரமாக, மற்ற பெற்றோர் இருந்த சிமெண்டுப் படியின் ஓரத்தில் உட்கார்ந்து, அதை மாட்டிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறீங்க. உங்க கண்ணாடியைக் கொஞ்சம் துடைக்கக் கூடாதா?"

"துடைக்கணும்" என்றார்.

மகளைத் தேடினார். இடது ஓரத்தில் யாரோ அவளைப் போலவே தோளைக் குலுக்கி ஓடுவது தெரிந்தது. அவளேதான். ஆவலோடு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் இல்லை. அவள் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மெழுக்கு. அதைச் சுற்றி மற்றப் பிள்ளைகளின் கால்கள் மட்டும் ஓடின. கோல் கம்பத்தைப் பார்த்தார். மறுபடி அவள் ஓரத்தில் வந்தாள், பந்தோடு. தாங்க முடியாமல் திரும்பினார். போய்விட்டாள். இப்படியே கொஞ்ச நேரம். ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடக் கூடாது என்றுதான் நினைத்தார்.

கடைசியில், மைதானத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நிறுத்திவிட்டுப் போயிருந்த ஒரு சிவப்பு சைக்கிளின் மேல் பார்வையை வைத்து, இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டத்தில் கொஞ்சமும் அக்கறை இல்லாத மனிதர் போல. ஓரத்தில், முகம் தெரியாமல், சின்னதாக, அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். எங்கோ கூச்சல் எழுந்தது, கை தட்டினார்கள். பக்கத்திலிருந்தவர் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "சார், உங்க பொண்ணு! அங்க பாருங்க, அங்க பாருங்க!" என்றார். அவர் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.