அரை மணிக்கு ஒரு முறை

தலைமாட்டில் செல்போன் அலாரம் அலறியது. மத்தியானம் இரண்டரை. ரத்தினசாமி பதறியடித்து அதை அணைத்தார். நல்லவேளை, மகள் சௌந்தர்யா அசையவில்லை. தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்த வாக்கில் கண்மூடிக் கிடந்தாள்.

அவள் உச்சந்தலையில் புதிதாக நட்டிருந்த முடிமேல் அரை மணிக்கு ஒரு முறை உப்புத்தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்று நாளைக்கு விரல்கூடப் படக் கூடாது. வேலூர் கிளினிக்கில் டெக்னீசியன் சோபனா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். இன்று இரண்டாவது நாள். மனைவி அமிர்தவள்ளி கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் மகளும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் மெஷின் பெல்ட் சௌந்தர்யாவின் பின்னலை இழுத்துக்கொண்டது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோலோடு பிய்ந்து போனது. காயம் ஆறியபோது அங்கே முடி இல்லை. மழமழவென்று ஒரு தழும்புதான். அன்று கட்டிய துணியை அவள் வீட்டுக்குள்ளும் அவிழ்ப்பதில்லை. பெண் பார்க்க வந்தவர்களைக் கதவைச் சாத்திக்கொண்டு திருப்பி அனுப்பினாள்.

கிளினிக்கில் பின்னந்தலையில் ஊசி போட்டு மரக்கவைத்து, சுழலும் சின்னக் குழாய் முனையால் முடிகளை ஒவ்வொன்றாக வேரோடு தோண்டினார்கள். குளிர்ந்த தட்டில் போட்டு, பேனா மாதிரி இருந்த கருவியில் ஏற்றி, தழும்பில் குத்தி நட்டார்கள். மொத்தம் எண்ணூறு. சோபனா அவரைக் கூப்பிட்டு லென்ஸில் ஒன்றைக் காட்டினாள்.

“வேரை அழுத்தினா செத்துடும்ணே. ஓரமாத்தான் பிடிக்கணும்.”

ரத்தினசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு ஆட்டுத்தோலின் முடியைக் கழிப்பதுதான் முப்பது வருஷமாக அவர் வேலை.

“நான் புடுங்குற ஆளு, நீ நடுற ஆளு. இன்னா பொருத்தம் பாரு” என்றார்.

சௌந்தர்யாகூடச் சிரித்தாள். டாக்டர்தான் சிரிக்கவில்லை. பின்பக்கத்தில் முடி அடர்த்தி கம்மி, இன்னொரு தடவை எடுக்க அங்கே இருப்பு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தண்ணீரைத் தெளித்துவிட்டு ரத்தினசாமி குனிந்து பார்த்தார். தழும்பு முழுக்கக் கறுப்பாகப் பொருக்குக் கட்டி, காய்ந்து விறைத்துக் கிடந்தது. காய்ந்த தோல் வெடிக்கும். வெடிக்காமல் இருக்க எண்ணெய் காட்டி, கட்டைவிரலால் நீவிவிட வேண்டும். இது அவர் கைக்குத் தெரிந்த விஷயம். டாக்டருக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது.

அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, துளித் துளியாக விட்டு, பூப்போல நீவினார். பொருக்கு இளகியது. விரலில் கறுப்பாகத் துகள்கள் ஒட்டின. செத்த தோல் என்று துண்டில் துடைத்தார். பிறகுதான் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு முடி, அதன் அடியில் வெள்ளையாக ஒரு வேர். மகளின் தலையில் அங்கங்கே ரத்தம் பொட்டு வைத்தது.

துண்டை அலசிக் கொடியில் போட்டார். மூன்று மணிக்கு அலாரம் அடித்ததும் வழக்கம்போலத் தண்ணீர் தெளித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மாதம் கழித்து சோபனா லென்ஸை வைத்துத் தழும்பைத் தேடித் தேடிப் பார்த்தாள். முப்பது, நாற்பது பிழைத்திருந்தால் அதிகம். தழும்பில் ரத்த ஓட்டம் போதவில்லை, சில பேருக்கு இப்படி ஆகும், யார்மேலும் குற்றமில்லை என்றார் டாக்டர். இனி விக்தான் வழி என்றார். சௌந்தர்யா தலையை ஆட்டிவிட்டுத் துணியைக் கட்டிக்கொண்டாள்.

ஆம்பூர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர சீட். பள்ளிகொண்டா தாண்டியது. ரத்தினசாமி கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாதனூர் நெருங்கும்போது அவரால் அடக்க முடியவில்லை.

“டாக்டர் சொன்னது பொய்ம்மா. உன் தழும்புமேல தப்பில்ல. அன்னிக்கு நீ தூங்குறப்ப நான்...”

சௌந்தர்யா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“நான் தூங்கலப்பா. அடிபட்டதுலேர்ந்து அந்த எடத்தை யாருமே ஆசையாத் தொட்டதில்ல, அதான் வேணாம்னு சொல்லாம இருந்துட்டேன்.”