பாருக்குள் ஆறடித் தொட்டி

தொழிற்சாலையில் சீட்டைக் கிழித்து அனுப்பிய பிறகு அவள் கணவன் இரண்டு வருஷம் வெளியே தலைகாட்டவில்லை. பதினெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்த மனிதன். ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்கிய குரல், "காபி இருக்கா?" என்று கேட்பதற்கு மட்டும் வாயைத் திறந்தது. சவரம் கிடையாது. போன் அடித்தால் எடுப்பது கிடையாது. அவன் உட்கார்ந்து உட்கார்ந்தே சோபாவின் ஒரு மூலை குழிந்துபோயிற்று.

அந்த இரண்டு வருஷமும் வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய மீன் தொட்டிகளால்தான். கீழ்த்தளத்தில் முன்பக்கம் கடை. பின்பக்கம் நீளமான ஓர் அறையில் அவள் குஞ்சு வளர்க்கும் தொட்டிகள். மேலே குடித்தனம். வீடு வீடாகப் போய்த் தொட்டி வைத்துக் கொடுப்பதும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க் கழுவித் தண்ணீர் மாற்றுவதும் அவள் தொழில். வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் அவள் 'மீன்கார அக்கா'. கறாரான அக்கா. தொட்டி வைத்த அன்றைக்கே மீனை விடச் சொன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"தண்ணி பழகணும். மூணு வாரம் வெறும் தொட்டியப் பாத்துட்டு உக்காருங்க. அதுக்குப் பொறுமை இல்லன்னா மீன் பாவம், உங்களுக்கு வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். கேட்டவர்கள் முகம் சுளித்தாலும் மறுபடி அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் காலை அவன் சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். அவளுக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை.

"ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"சின்னதா ஒரு பார் போடலாம்னு இருக்கேன். ஆறு மேஜை. அவ்வளவுதான். லைசென்ஸ் விஷயத்த எல்லாம் என் ஃப்ரெண்டு பாத்துக்கிறேன்னு சொல்லிட்டான். இடம்தான்..." என்று இழுத்தான். இடம் அவளுடைய கடை என்பது அந்த இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. அவள் எதுவும் சொல்வதற்குள் அவனே முந்திக்கொண்டான். "நீயும் தண்ணி வியாபாரம், நானும் தண்ணி வியாபாரம். ஒரே கூரைக்குக் கீழ இருந்துட்டுப் போகட்டுமே!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். இரண்டு வருஷத்தில் அவள் பார்த்த முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குக் கடையென்ன, மேல்மாடியையும் சேர்த்துக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஒரே வாரத்தில் கடையைச் சுருட்டிப் பின்னறைக்குள் அடைத்துக்கொண்டாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு பெரிய தொட்டி வேண்டும் என்று அவன்தான் கேட்டான். "உள்ள வர்றவன் கண்ணு நேரா அங்க போகணும்." அவளும் தன் கைவரிசை முழுவதையும் அதில் இறக்கினாள். ஆறடிக் கண்ணாடி. ரசமட்டம் வைத்து நாலு மூலையும் பார்த்துத் தாங்கியை நிறுத்தினாள். கறுப்பு மணலைச் சாயம் போகிற வரைக்கும் அலசினாள். மரவேரைக் கொதிக்க வைத்து ஊறப் போட்டாள். தண்ணீர் சீக்கிரம் பழகுவதற்காகத் தன்னிடமிருந்த மிகப் பழைய தொட்டியின், நல்ல நுண்ணுயிர்கள் குடியேறிய வடிகட்டிப் பஞ்சில் பாதியை அறுத்து இதில் வைத்தாள். திறப்பு விழா தேதியை ஒரு மாதம் தள்ளி வைக்கச் சொன்னாள். அவன் தள்ளி வைத்தான். கண்ணாடியைத் தூக்கி வைக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, உன் கை பத்திரம்" என்றான். கல்யாணமான புதிதில்கூட இருவரும் அப்படி ஒரு வேலையைச் சேர்ந்து செய்ததில்லை.

தொட்டிக்குள் அவள் விட்டது இருபத்திரண்டு ஏஞ்சல் மீன்கள். முட்டையிலிருந்து அவளே வளர்த்தவை. திறந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் முதலில் தொட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் நாற்காலியைத் தேடினார்கள். "எல்லாம் என் வீட்டம்மா கைவண்ணம்" என்று அவன் மேஜை மேஜையாகச் சொல்லிக்கொண்டு போனான்.

நாலாம் நாள் காலை இரண்டு மீன்கள் மல்லாந்து மிதந்தன. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாள்; குறை தண்ணீரில் இல்லை. தாங்கியின் மேலேயே, கண்ணாடியை ஒட்டி, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் முளைத்திருந்தது. தொட்டிக்கு மேல் நீலமும் சிவப்புமாக மாறி மாறி எரியும் விளக்கு. கடை அடைத்த பிறகும் அதை யாரும் அணைப்பதில்லை.

"அந்த ஸ்பீக்கர அந்தப் பக்கம் மாத்துங்க. அது போடுற அதிர்வுல மீன் தூங்கவே முடியாது."

"வயர் இங்கதான் இருக்கு. பாட்டு இல்லாத பாருக்கு எவன் வருவான்?"

"அப்ப மீன் சாகும்."

"செத்தா மாத்திடு. பின்னாடி நூறு வெச்சிருக்கல்ல?"

அவன் கொடூரமாகச் சொல்லவில்லை. பல்பு ஃபியூஸ் போனால் மாற்று என்பதுபோலச் சொன்னான். அவள் அங்கேயே மறுத்திருக்க வேண்டும். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வாளியைத் தூக்கியிருப்பாள். ஆனால் அவன் அப்போது மேஜை துடைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மறுபடி அந்த சோபா மூலைக்கு அவனை அனுப்பும் வாயாகத் தன் வாய் இருக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அதிலிருந்து அது வழக்கமாயிற்று. காலையில் கூட்டிப் பெருக்க ஆள் வருவதற்கு முன்னால் வலையோடு கீழே இறங்குவாள். செத்ததை எடுப்பாள், அதே அளவு, அதே பட்டை உள்ள ஒன்றைப் பின்னறையில் தேடிப் பிடித்து விடுவாள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நாளாக நாளாக அந்த வேலையில் அவளுக்குக் கை தேர்ந்துவிட்டது. அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது.

ஒருநாள் சாயங்காலம் சாவி கொடுக்கக் கீழே போனபோது, தொந்தி பெருத்த ஒருவர் கிளாஸில் மிச்சமிருந்த பீரைத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கணவனும் பார்த்தான். "அதுக்கு ஒரு ரவுண்டு போதுமா சார்?" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் நிற்பது அவன் கண்ணில் பட்டது. பட்ட பிறகும் அவன் சிரிப்பு நிற்கவில்லை.

பல் டாக்டர் ஒருவர் அவளுடைய ஆறு வருஷ வாடிக்கை. கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் இடத்தில் அவள் வைத்துக் கொடுத்த தொட்டி. மீன்களுக்கு அவர் தீனி போடுகிற நேரத்தில் பல்வலிக்காரன்கூடக் காத்திருக்க வேண்டும். அந்த முறை அவள் குழாயைப் போட்டுத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் பாருக்கு ரெண்டு வாரமா போறேன்."

"சொன்னாரு டாக்டர்."

"போன வாரம் ஒரு ஏஞ்சலுக்குக் கீழ்த்துடுப்பு பாதி கிழிஞ்சிருந்துச்சு. நேத்து அந்தத் தொட்டியில கிழிஞ்ச துடுப்போட ஒண்ணும் இல்ல. ஒரு வாரத்துல முழுசா வளந்துடுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். மருந்து விட்டேன், வளர்ந்துவிட்டது என்றால் அவர் நம்பியிருப்பார்.

"வளராது டாக்டர். மாத்திட்டேன்."

"இதுவரைக்கும் எத்தனை மாத்தியிருப்பீங்க?"

அவள் குனிந்து குழாயைச் சரிசெய்தாள். அவர் தன் தொட்டியையே பார்த்தார். இதில் எது பழையது, எது மாற்றியது என்று தேடுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. செவிட்டில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"இன்னைக்கு முடிச்சுட்டுப் போங்க. இனிமே நானே பாத்துக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் ஈரக் கையோடு நேரே பாருக்குள் போனாள்.

"இனிமே ஒரு மீன்கூடத் தர மாட்டேன். டாக்டர் என்னை வர வேணாம்னுட்டாரு."

"எந்த டாக்டரு? பல் டாக்டரா? வர்ற வெள்ளிக்கிழமைக்கு நாலு பேருக்கு மேஜை சொல்லியிருக்காரேம்மா!"

அவளுக்கு அழுகை வரவில்லை. மீனுக்காக அவளைத் துரத்திய மனிதருக்கு, அந்த மீன் செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து குடிப்பதில் சங்கடம் எதுவுமில்லை. பழி முழுவதும் வலை பிடித்தவள் தலையில்.

"உனக்கு நான் நல்லா இருக்கிறது பிடிக்கலயோன்னு தோணுது" என்றான் கணவன். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, வருத்தமாகச் சொன்னான்.

மறுநாள் மதியம் தொட்டியைக் காலி செய்தாள். உயிரோடு இருந்தவை இருபது. ஆரம்பத்தில் விட்ட இருபத்திரண்டில் ஒன்றுகூட அதில் இல்லை. பின்னறையில் தனித் தொட்டியில் விட்டு, விளக்கணைத்து, துணி போட்டு மூடிப் பார்த்தாள். வாரம் முடிவதற்குள் பதினெட்டு போயிற்று.

காலியான இடத்தில் அவன் ஒரு பெரிய டிவி திரையை மாட்டினான். நாள் முழுக்க அதில் கடல் மீன்கள் நீந்தின. ஒருவரும் தொட்டி எங்கே என்று கேட்கவில்லை. "மீனு சூப்பரா இருக்குங்க" என்று ஓர் ஆள் சொன்னதை அவன் மேலே வந்து அவளிடம் சந்தோஷமாகவே ஒப்பித்தான்.

பார் நன்றாக ஓடியது. அவன் முகத்தில் சதை பிடித்தது. நன்றாகத் தூங்கினான். எழுந்ததும் அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டான். எந்த மனிதன் திரும்பி வர வேண்டும் என்று இரண்டு வருஷம் ஏங்கினாளோ, அவனேதான் வந்திருந்தான். அவனைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. மீன் மாற்றிய விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. இரண்டு வாடிக்கைக்காரர்கள் அவள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள்.

இரண்டு தெரு தள்ளித் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். தொட்டிகளை அங்கே மாற்றிக்கொள்கிறேன் என்றதும் அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடவே நின்று தூக்கினான். கனமான முனையை அவனே பிடித்தான். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ள, சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தான்.

கடைசித் தொட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, காலியான பின்னறையை எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, இங்க இன்னும் மூணு மேஜை தாராளமா போடலாம் போலிருக்கே?"

"போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியின் பின்னால் ஏறித் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.